ஜாக்கியில் தொங்கிய சில்லு

பிக்கப்புக்கு அடியில் படுத்து, வில்லுத்தகட்டின் துளைக்குள், கீச்சு நிற்க, புது றப்பர் புஷ் திணிக்கிறேன். சவர்க்காரம் பூசிய றப்பர் மணத்தில், நான் சின்னவனாய் இருந்த அக்கராயன் ஊரும் அப்பாவின் ஜீப்பும் நினைவில் வந்துவிட்டன.

அன்று பக்கத்துக் காணிச் செல்லையர் வேலியில் நின்று அப்பாவைப் பார்த்துக் கத்தினார்: "உன்ர ஜீப் கீச்சிடுற சத்தத்திலை என்ர மாடு பால் சுரக்குதில்லையடா!"

"உன்ர மூஞ்சையைப் பாத்தா எந்த மாடு சுரக்கும்?" என்றார் அப்பா.

அந்த ஆத்திரத்தில் பழைய ரயரில் புஷ் வெட்டிப் பூட்டியவர், சில்லை நிலத்தில் இறக்காமல், ஜாக்கியில் தொங்கவிட்டே நட்டை இறுக்கினார். இறக்கியதும் றப்பர் முறுகிக் கிழிந்தது. கீச்சு இரட்டிப்பானது. செல்லையர் சிரித்தார். அப்பா சுத்தியலைத் தூக்கினார். கொலைதான் என்று நான் வைக்கோலுக்குள் ஒளித்தேன், தலையை மட்டும். அடி ஜீப்புக்குத்தான் விழுந்தது.

இன்று சில்லை இறக்கியபின்தான் இறுக்கினேன். வேலிக்கு அப்பால், சிரிப்பை அடக்கினது போல ஒரு சத்தம். பதறி எழும்பியதில் தலை இரும்பில் இடித்தது.

"சிரிக்கிறீரோ?" என்று பக்கத்து வீட்டுக்காரரைக் கேட்டேன்.

"இல்லை அண்ணை, தடிமன். தும்மினனான்."