கை மட்டும் வைங்க

என் மகள் ஏழாம் மாதத்திலேயே பிறந்துவிட்டாள். போன ஐப்பசி மழையில் வலி கண்டு, பூனாகலைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து பதுளை ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியெல்லாம் அழுதுகொண்டே போனேன். பிள்ளை ஒரு கிலோ சொச்சம்தான்; சூடு காக்கும் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்தார்கள். மூக்கு வழியாகக் குழாய் விட்டு, அதில்தான் பால் கொடுத்தார்கள். அவளாகச் சப்பிக் குடிக்கப் பழகினால்தான் வீட்டுக்கு அனுப்பலாம் என்றார்கள். வாரங்கள் போயின. அவளோ உதட்டில் எது பட்டாலும் முகத்தைச் சுளித்து விறைத்துக்கொள்வாள். என் பாவம்தான் பிள்ளையைப் பிடித்திருக்கிறது என்று மனம் உடைந்து போனேன்.

என் ஜெபம் எப்படி என்று இந்தச் சபைக்குத் தெரியாதா? நான் ஜெபித்தால் மேல் லயத்து வீடுகளுக்கும் கேட்கும். அன்றும் கண்ணாடிப் பெட்டிக்குள் கையை விட்டு, பிள்ளையைத் தடவித் தடவி, "ஆண்டவரே, இவ வாயைத் திறந்து விடுங்க!" என்று கதறினேன். பிள்ளைக்குத் தூக்கிவாரிப் போட்டது. மெஷின் கத்தியது. எனக்கு உயிரே போய்விட்டது.

வார்டில் இருந்த சிங்கள நர்ஸ் மிஸி ஒருவர் ஓடிவந்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். "அம்மா, சத்தம் வேணாம். பாப்பாவுக்குப் பயம். தடவ வேணாம், கை மட்டும் வைங்க" என்றார். என் ஒரு உள்ளங்கையைப் பிள்ளையின் தலையிலும் மற்றதை மடக்கிய கால்களிலும் பொத்தினாற்போல் வைத்துவிட்டார்.

கொழுந்து பறித்துப் பழகிய கை சும்மா இருக்குமா? அதை அசையாமல் வைக்கப் பெரும்பாடு பட்டேன். வாயைத் திறக்காமல் மனதுக்குள் ஜெபித்தேன். கொஞ்ச நேரத்தில் அவள் மூச்சு சீரானது.

அதுமுதல் தினமும் அப்படித்தான். அவள் அமைதியானதும், மிஸி காட்டித் தந்தபடி உதட்டில் ஒரு சொட்டுத் தாய்ப்பால் தடவுவேன். குழாயில் பால் இறங்கும்போது, நன்றாகக் கழுவிய சுண்டுவிரலை அவள் வாயருகே வைத்துக் காத்திருப்பேன். சப்பினால் வயிறு நிறையும் என்று பிள்ளைக்குப் புரியட்டும் என்றார் மிஸி.

ஒன்பதாம் நாள் காலை, விரலைச் சப்பி இழுத்தாள்.

"மிஸி, இழுக்குறா" என்றேன். மெதுவாகத்தான். மிஸிக்கும் கண் கலங்கிவிட்டது. பிறகு மார்பில் வாய் வைத்தாள். ஒரு நாள் அந்தக் குழாயை எடுத்தே விட்டார்கள்.

ஸ்தோத்திரம்! பிள்ளையின் வாயைத் திறக்கச் சொல்லிக் கேட்டேன். ஆண்டவர் முதலில் என் வாயை மூடினார். அன்பானவர்களே, ஜெபிக்க வார்த்தை வராமல் கலங்கி நிற்கிற யாராவது இங்கே இருந்தால், பயப்படாதீர்கள். அவர் பக்கத்தில் சும்மா இருங்கள். அதையும் அவர் கேட்பார்.

நான் இப்போது மெதுவாகத்தான் ஜெபிக்கிறேன். மேல் லயத்துக்குக் கேட்பது, பசித்தால் என் மகள் போடுகிற சத்தம்.