வைரஸ் என்று சொன்னேன்

கிரேசியின் வேலையைக் கெடுத்தவன் நான். வைரஸ் அல்ல, அவளுடைய பிளாப்பி அல்ல... நான்!

"பாவம், சின்ன வயசு" என்று உச்சுக்கொட்டாதீர்கள். உங்கள் இரக்கம் எனக்கு வேண்டாம். அப்போது எனக்கு இருபத்தாறு வயது. நல்லது கெட்டது தெரியாத வயதா அது?

இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகள். திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதிக் கம்பெனி. சரக்கு வாங்கும் வெளிநாட்டுப் பையர்களுக்கு மெயில் எழுதுவது என் வேலை. கிரேசி கணியூர்ப் பெண். குழந்தைகள் பனியனில் அச்சிடும் படங்களைக் கணினியில் வரைபவள். கரடி, கப்பல், தொப்பி போட்ட வாத்து... இருவருக்கும் ஒரே கணினி. காலையில் எனக்கு, மதியத்துக்கு மேல் அவளுக்கு.

அங்கிருந்த எல்லோரையும் நான் இகழ்ந்தேன். முதலாளி மவுஸைத் தொடவே பயப்படுவார். கிரேசிக்கோ விண்டோஸைத் தவிர வேறொன்று உலகில் உண்டென்றே தெரியாது. நான் மட்டும், கணினிப் பத்திரிகையோடு இலவசமாக வந்த, விண்டோஸுக்கு மாற்றான லினக்ஸ் சிடியைப் பையில் வைத்துக்கொண்டு, அறிவாளியாகத் திரிந்தேன். எத்தனை மட்டமான கர்வம்!

ஒரு ஞாயிற்றுக்கிழமை, யாரையும் கேட்காமல், விண்டோஸுக்குப் பக்கத்திலேயே லினக்ஸை நிறுவ உட்கார்ந்தேன். நிறுவியும் விட்டேன்! கணினியைப் போட்டதும், இரண்டில் எது வேண்டும் என்று திரை கேட்டது. மறுநாள் கிரேசியிடம் காட்டிப் பீற்றிக்கொண்டேன்.

"ஏனுங்க, இதுல பிரிண்டர் வேலை செய்யுமுங்களா?" என்றாள்.

செய்யவில்லை. மோடமும் செய்யவில்லை. மெயில்கூடப் பார்க்க முடியவில்லை. அவள் சாதாரணமாகத்தான் கேட்டாள். எனக்குத்தான் உடம்பெல்லாம் எரிந்தது.

அடுத்த நாள் அவள் வருமுன் லினக்ஸ் இருந்த பகுதியை அழித்தேன். கணினியை மறுபடி போட்டேன்... கறுப்புத் திரை. விண்டோஸும் வரவில்லை!

உள்ளே அவள் படங்கள் அத்தனையும் பத்திரமாகத்தான் இருந்தன. எதைத் திறப்பது என்று கேட்கும் அந்தச் சின்ன நிரல் லினக்ஸோடு சேர்ந்து போயிருந்தது, அவ்வளவே. ஒரு வரிக் கட்டளையில் சரியாகியிருக்கும் என்று பிற்பாடு அறிந்தேன். அன்று தெரியாது. தெரிந்த யாரையாவது கேட்டேனா? நான்தான் மேதையாயிற்றே! டிஸ்க் முழுவதையும் ஃபார்மட் செய்து, விண்டோஸைப் புதிதாகப் போட்டேன்.

கரடி போயிற்று. கப்பல் போயிற்று. அந்த வாரம் பையருக்கு அனுப்பவேண்டிய படங்கள் எல்லாமே போயின.

"என்னாச்சுங்க தம்பி?" என்று முதலாளி வந்து நின்றார்.

"வைரஸுங்கண்ணா. யாரோ வெளி பிளாப்பியைப் போட்டிருக்காங்க."

யோசிக்கவே இல்லை... வாய் தானாகச் சொன்னது. முந்தின நாள்தான் கிரேசி தன் சர்ச்சின் கிறிஸ்துமஸ் அழைப்பிதழைப் பிளாப்பியில் கொண்டுவந்து அச்செடுத்திருந்தாள். எல்லோரும் பார்த்திருந்தார்கள்.

அப்போதுதான் உள்ளே வந்த கிரேசியும் இதைக் கேட்டுவிட்டாள். "என்னாலதானுங்களா?" என்று என்னையே கேட்டாள். என்னை! அந்த அறையில் விவரம் தெரிந்தவன் நான் ஒருவன்தானே!

இல்லையென்று நான் சொல்லவில்லை. முதலாளியின் பக்கம் திரும்பி, வைரஸ் எப்படிப் பரவும் என்று நிதானமாக விளக்கினேன். அவர் பயபக்தியோடு கேட்டுக்கொண்டார். எவர்களை மடையர்கள் என்று எள்ளினேனோ, அவர்களுடைய அறியாமைக்குப் பின்னால்தான் போய் ஒளிந்துகொண்டேன்... இதைவிடக் கேவலம் உண்டா?

அவளைச் செக்கிங்கிற்கு மாற்றினார்கள். படம் வரைந்த பெண், நாளெல்லாம் நின்றபடி பனியனில் ஓட்டையும் கறையும் தேடினாள். பொங்கலுக்கு ஊருக்குப் போனவள் திரும்பவில்லை. எனக்குச் சம்பளம் உயர்ந்தது. கணினிக்குப் பொறுப்பாளன் என்று பேரும் கிடைத்தது!

சில ஆண்டுகள் கழித்து, தாராபுரம் பஸ் ஸ்டாண்டில் அவளே என்னை அடையாளம் கண்டு வந்தாள். கையில் குழந்தை.

"நல்லா இருக்கீங்களாங்க? இப்பவும் படம் வரையறீங்களா?" என்று கேட்டேன்.

"இல்லீங்க. அதுக்கப்புறம் கம்ப்யூட்டர் பக்கமே போகலீங்க. கை பட்டு இன்னொருத்தருக்கு நட்டமாயிருமோன்னு பயமுங்க." கொஞ்சம் தயங்கினாள். "உங்க மெயில் எல்லாமும் என்னாலதானே போச்சு... அன்னிக்கு உங்ககிட்ட மன்னிப்புக்கூடக் கேக்கலீங்க. மனசுல உறுத்திட்டே இருந்துச்சு. மன்னிச்சுக்கோங்க."

சொல்லியிருக்கலாம். சுற்றிலும் எங்களுக்குத் தெரிந்தவர் ஒருவருமில்லை. முதலாளி இல்லை, பறிபோவதற்கு அந்த வேலையும் இப்போது இல்லை.

என்ன சொன்னேன் தெரியுமா?

"அட, விடுங்க. தெரியாமத்தானே செஞ்சீங்க" என்றேன்.

அவள் கண் கலங்கி, கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் பஸ் ஏறினாள்.

ஆம்... நான் அவளை மன்னித்தேன்!