வைஃபைக்கு முறை வைத்தேன்

குத்தாலம் பக்கத்தில் எங்கள் தெரு. எங்கள் வீட்டு வைஃபை பாஸ்வேர்டு அதில் இன்னும் நான்கு வீடுகளுக்குத் தெரியும். கேட்டவர்களிடம் முடியாது என்று சொல்ல எனக்கு வாய் வராது. பாஸ்வேர்டை மாற்றினாலும் மறுநாளே வந்து கேட்பார்கள், நானே எழுதிக் கொடுப்பேன்.

மகளுக்கு ஆன்லைனில் வேலைக்கான நேர்காணல், காலை பதினொன்றேகாலுக்கு. "அந்த நேரம் மட்டுமாவது எல்லாரையும் நிறுத்துங்கப்பா. நடுவுல நெட்டு நின்னா வேலை போச்சு" என்றாள்.

நேரில் போய்ச் சொல்லக் கூச்சம். முந்தின நாள் மாலை மோடத்தின் அட்வான்ஸ்டு செட்டிங்ஸைத் திறந்தேன். எந்தப் போனுக்கு எந்த நேரம் நெட் என்று குறிக்க அதில் இடம் இருந்தது. வாய்க்காலில் முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சுவது போலத்தான் எனக்குப் பட்டது. ஒன்பது மணியிலிருந்து வீட்டுக்கு ஒரு மணி நேரம் என்று வரிசையாகக் குறித்துச் சேமித்தேன். யாரும் கோபிக்க வழியில்லை.

மறுநாள் நேர்காணலுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது மகள் லேப்டாப்பைத் திறந்தாள். நெட் இல்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. எங்கள் வயல் கடைமடை. தண்ணீர் முறையில் எப்போதும் நாங்கள்தான் கடைசி. அந்தப் பழக்கத்தில் வைஃபையிலும் எங்கள் வீட்டைக் கடைசியில் போட்டிருக்கிறேன். மதியம் ஒரு மணி! மாற்றினால் மோடம் அணைந்து எழப் பத்து நிமிடம் ஆகும். மொபைல் டேட்டா எங்கள் தெருவுக்குள் நுழைவதே இல்லை.

பக்கத்து வீட்டு அக்கா போனும் கையுமாக வந்தார். "தம்பி, இன்னைக்கு உங்க நெட்டு என்னமா ஓடுது! வடகம் வீடியோ ஒரு தடவகூட நிக்கல."

"அக்கா, போனைக் குடுங்க!"

நான் அவ்வளவு சத்தமாகப் பேசி அக்கா கேட்டதில்லை. ஓரடி பின்னால் போனார். பிறகு விஷயம் புரிந்து போனை நீட்டினார். மகள் அதிலேயே நேர்காணலைத் திறந்ததும், எதிரே உட்கார்ந்து தானே போனைப் பிடித்துக்கொண்டார்.

அதிகாரி, உங்கள் பலம் என்ன என்று கேட்டார். மகள் வாய் திறப்பதற்குள் அக்கா முந்திக்கொண்டார். "பொறுமை சார். எங்க வீட்டு மிக்ஸிய மூணு தடவ சரி பண்ணிக் குடுத்திருக்கு."

"யாரும்மா அது?"

அக்கா போனைத் தன் பக்கம் திருப்பினார். "பக்கத்து வீடு சார். சாப்டீங்களா?"

மகள் கண்ணை மூடிக்கொண்டாள். அதிகாரி சிரித்தார். அடுத்த சுற்று திங்கட்கிழமை என்று அப்போதே சொல்லிவிட்டார்.

முடிந்ததும் அக்கா, "உங்களுக்கு இல்லாத நெட்டு எனக்கு மட்டும் எப்படி தம்பி?" என்றார். தலையைக் குனிந்துகொண்டு முறை வைத்ததைச் சொன்னேன்.

அக்கா சற்று யோசித்தார். "திங்கக்கெழமையும் என் முறையிலயே வைங்க. நான் புடவை மாத்திக்கிட்டு வந்துடறேன்."