பாதிச் சரிவில் புல், பாதியில் வெறும் மண்

எழுத்து கோணல்மாணலாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். நான் தாளில் எழுதியதை மகள் போட்டோ எடுத்துப் போடுகிறாள்.

செல்வராணி டீச்சர் போய்விட்டார். நேற்று, இரத்தினபுரி ஆஸ்பத்திரியில்...

றக்வானையில் எங்கள் தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் மண், மழை, மரம் என்று சுற்றாடல் பாடம் எடுத்தவர். நான் அங்கே வளவு, முற்றம் கூட்டும் சின்னையா.

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம். வகுப்புக்குப் பின்னால் சரிவெல்லாம் புல். நாற்பது வருடம் தேயிலைக்குள் புல் சுரண்டிய கை சும்மா இருக்குமா? பாதி முடித்தபோது டீச்சர் ஓடி வந்தார்.

"சின்னையாண்ணே, அங்க போர்ட் வச்சிருந்தேனே, பார்க்கலையா?"

"பார்த்தேன் டீச்சர். நல்ல பலகை. நனையாம ஓரமா எடுத்து வச்சிருக்கேன்."

'புல்லை வெட்ட வேண்டாம்' என்று அதில் எழுதியிருந்ததாம். எனக்கு அப்போது ஓர் எழுத்தும் தெரியாது.

டீச்சர் பலகையை எடுத்து மறுபடி நட்டார். பிறகு சிரித்துவிட்டார். "சரி விடுங்க. மீதியைத் தொட்டுறாதீங்க."

மறுநாள் இரண்டு பக்கத்துக்கும் கீழே, வழிந்து வரும் தண்ணீரைப் பிடிக்க, பிள்ளைகள் வெட்டிய போத்தல்களைப் புதைத்து வைத்தார்கள். மத்தியானத்துக்கு மேல் நல்ல மழை.

புல் பக்கத்துப் போத்தலில் தண்ணீர் தெளிவு. நான் சுரண்டிய பக்கம் பால் டீ மாதிரி...

"தாத்தா சுரண்டுனதெல்லாம் போத்தலுக்குள்ள கிடக்கு டீச்சர்" என்றாள் ஒரு பிள்ளை. வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் அந்தப் போத்தலை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அன்றிலிருந்து பள்ளிக்கூடம் விட்டதும் எனக்கு டீச்சரிடம் எழுத்துப் பாடம். முதல் சொல் 'மழை'. அந்த 'ழை' வளைவதற்கே ஒரு மாதம் போனது. எழுத்துக் கூட்டி வாசிக்க வந்த அன்றைக்கு, பஸ்ஸில் போகும்போது கடை போர்டையெல்லாம் சத்தமாக வாசித்தேன். மகளுக்குத்தான் வெட்கம்.

வகுப்புச் சுவரில் மழை அட்டை ஒன்று உண்டு. மழை அளக்கும் போத்தலில் எத்தனை கோடு தண்ணீர் என்று தினமும் டீச்சர்தான் எழுதுவார். ஆஸ்பத்திரிக்குப் போகிற அன்று பேனையை என் கையில் கொடுத்தார்.

"ஒரு நாளும் விட்டுறாதீங்கண்ணே. வந்து பார்ப்பேன்."

விடவில்லை டீச்சர். நீங்கள் பார்ப்பீர்கள் என்றுதான் ஒவ்வொரு நாளும் மெதுவாக, கட்டத்துக்கு வெளியே போகாமல் எழுதினேன்.

இன்று காலை ஐந்து கோடு. எழுதிவிட்டேன். அட்டை நிறைந்துவிட்டது.

புது அட்டை ஒட்டியிருக்கிறேன். நாளைக்கும் எழுதுவேன். போய் வாருங்கள் டீச்சர்...