பித்தப்பை இருந்த இடம்

கணவருக்குக் கண் மஞ்சளானபோது எடுத்த முதல் ஸ்கேனிலேயே பித்தக் குழாயில் புற்றுநோய்க் கட்டி என்று சொல்லிவிட்டார்கள். பிறகு எதற்கு இரண்டாவது படம்? கண்டியில் எங்களைப் பார்த்த டொக்டர் யாழ்ப்பாணத்துப் பெண். பொறுமையாகத்தான் சொன்னார்.

"குழாய் மேல போய் ரெண்டு கிளையாப் பிரியுது அம்மா. கட்டி ஒரு கிளையோட நிண்டா ஒப்பரேசன் செய்யலாம். ரெண்டிலயும் ஏறியிருந்தா வெட்டேலாது. எம்.ஆர்.ஐ. எடுத்தாத்தான் வடிவாத் தெரியும்."

நான் ஏழாம் வகுப்போடு நின்றவள். யாராவது பொறுமையாகப் பேசினால் எனக்குச் சந்தேகம் கூடிவிடும். முடிவைத் தெரிந்துகொண்டே மறைக்கிறார்களோ என்று எங்கள் தேயிலைத் தோட்டமான மடுல்கெல்ல வந்து சேரும்வரை பஸ்ஸில் அதே யோசனை.

எம்.ஆர்.ஐ. எடுக்க வெறும் வயிற்றோடு வரச் சொல்லியிருந்தார்கள். அன்று விடிகாலை, முதல் பஸ்ஸுக்குப் புறப்படும்முன் வழக்கம்போல் ஆளுக்கொரு கோப்பை தேத்தண்ணி குடித்தோம். தோட்டத்தில் அதை யாரும் சாப்பாட்டில் சேர்ப்பதில்லை.

ஸ்கேன் அறை வாசலில் நர்ஸ் மிஸ் கேட்டார்: "ஏதாவது சாப்பிட்டாரா?"

"ஒண்ணும் இல்லீங்க மிஸ். தண்ணிகூட இல்ல. தேத்தண்ணி மட்டுந்தான்."

மிஸ் பேனாவைக் கீழே வைத்தார். "வயித்துல இருக்கிறது படத்துல வெள்ளையா விழுந்து குழாய மறைச்சிரும். மத்தியானம் எடுப்போம்."

எங்கள் முறை பக்கத்திலிருந்தவருக்குப் போனது. அவருக்கும் மஞ்சள் கண், இவர் வயதுதான். மனைவியும் கூட வந்திருந்தாள்.

"எல்லாம் ஒன் தேத்தண்ணியால வந்தது," என்றார் கணவர்.

"சீனி பத்தலன்னு இன்னொரு மடக்கு வாங்கிக் குடிச்சது யாரு?"

அடுத்த வாரம் டொக்டர் படத்தைத் திரையில் காட்டினார். கவாத்து வெட்டிய தேயிலைச் செடிபோல வெள்ளைக் கிளைகள்.

"கட்டி இடது கிளையோட நிக்குது. வலது பக்கம் சுகமா இருக்கு. ஒப்பரேசன் செய்யலாம்."

கணவர் உட்கார்ந்திருந்த கதிரையின் கையை இறுக்கிப் பிடித்தார். எனக்குச் சந்தோஷம் வரவில்லை. அன்று முறை மாறியதே, படமும் மாறியிருந்தால்? யாரோ ஒருவருடைய நல்ல செய்தியை நம்பி இவரை வெட்டக் கொடுப்பதா?

"இது இவரு படந்தானா டொக்டர்? எங்களுக்கு முந்தி இன்னொருத்தர் போனாரு."

"சும்மா இரு புள்ள," என்றார் கணவர்.

டொக்டர் திரையில் பெயரைக் காட்டினார். பெயரை யாரும் மாற்றிப் போடலாமே என்றேன். அவர் கோபிக்கவில்லை.

"இவருக்கு முந்திக் கல் எண்டு பித்தப்பையை எடுத்ததெல்லோ? இருந்தா இந்த இடத்தில ஒரு வெள்ளைப் பை தெரியும். பாருங்கோ, ஒண்டுமில்லை."

குனிந்து பார்த்தேன். கறுப்பாகக் கிடந்தது. அந்தத் தழும்புக்கு மாதக்கணக்கில் எண்ணெய் தடவியவள் நான். படம் இவருடையதுதான். "எங்க கையெழுத்து வைக்கணும்?" என்று கணவர் கேட்டார்.

வெளியே வந்தால் அதே மஞ்சள் கண்காரரும் மனைவியும் வாங்கில் உட்கார்ந்திருந்தார்கள். இந்தப் படம் எங்களுடையதுதான் என்றால் உள்ளே இருக்கும் அடுத்த படம் அவருடையதுதான். அதில் என்ன இருக்கிறதோ.

"என்னங்க சொன்னாங்க?" என்று அவள் கேட்டாள்.

"இன்னும் சரியாத் தெரியலீங்க," என்று சொல்லிவிட்டு, கணவரை முன்னால் விட்டு நடந்தேன்.