கண்மாய்க் கரையில் சும்மா உட்கார்ந்தது

மூன்று வாரமாகப் பத்திரிகைக்கான என் ஞாயிறு பத்தி நகரவில்லை. "மேசையை விட்டு எந்திரிச்சு ஒரு மரத்தடியில உக்காருங்க சார், எழுத்து தானா வரும்" என்றார் ஆசிரியர். வராவிட்டால் பத்தியை நிறுத்திவிடுவார் என்பதும் அந்தக் குரலில் இருந்தது.

இன்று காலை கொடும்பாளூரில் பஸ்ஸை விட்டு இறங்கி, கண்மாய்க் கரையில் ஒரு புளியமரத்தடியில் தோள்பையோடு உட்கார்ந்தேன். தண்ணீர் இல்லை. புல் மட்டும் இருந்தது.

ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு அம்மா பக்கத்தில் வந்தார்.

"அளக்க வந்திருக்கீங்களா?"

"இல்லம்மா. சும்மா உக்காந்திருக்கேன்."

"சும்மா உக்கார இங்கிட்டு யாரு வாரா? அங்கிட்டு மேட்டுலயும் ஒருத்தர் இப்படித்தான் பையோட வந்து உக்காந்தாரு. மறுமாசம் கம்பி வேலி போட்டுட்டாங்க. எங்களுக்கு மேய்க்க இது ஒண்ணுதான் மிச்சம்."

நான் பத்திரிகையில் எழுதுகிறவன் என்றேன்.

"அவரும் ஏதோ ஒண்ணு சொன்னாரு."

நான் எழுந்து போகும்வரை அவர் ஆடுகளைப் பார்க்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.

திரும்பும் பஸ்ஸிலேயே பத்தி முழுவதும் வந்துவிட்டது. ஆசிரியருக்குத் திருப்தி. அடுத்த வாரமும் போகச் சொல்கிறார்.

யாரையும் பயமுறுத்தாமல் உட்கார ஒரு மரத்தடி புதுக்கோட்டைப் பக்கம் இருந்தால் சொல்லுங்கள். பை இல்லாமல் வருகிறேன்.