மூன்று சுற்றுக்கு ஓர் இலைச் சுண்டல்

போன மாதம் என் மகள் படிக்கிற பள்ளியில் பெற்றோரைக் கூப்பிட்டிருந்தார்கள். பிள்ளைகள் பாக்கெட் தின்பண்டம் கொண்டுவரக் கூடாது, வீட்டுச் சாப்பாட்டைச் சாப்பிட வேண்டும், தினமும் ஓடி விளையாட வேண்டும் என்றெல்லாம் பேசினார்கள். யாராவது ஏதாவது சொல்கிறீர்களா என்று கடைசியில் கேட்டார்கள். எனக்குச் சொல்ல ஒன்று இருந்தது. ஆனால் நாலு பேர் முன்னால் எழுந்து நின்று பேச எனக்கு வராது. எழுதுவதென்றால் அவ்வளவு வெட்கம் இல்லை. அதனால் என் மாமாவைப் பற்றி இங்கே எழுதுகிறேன்.

மாமா என் அம்மாவின் தம்பி, மணப்பாறைக்காரர். அப்பாவுக்குப் பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை. குவார்ட்டர்ஸில் எங்களோடுதான் மாமாவும் இருந்தார். ஊரிலிருந்து முறுக்கு எடுத்துவந்து, தகர டின்னை சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு, தினமும் மத்தியானம் எங்கள் பள்ளி வாசலில் நிற்பார். நான் அப்போது ஐந்தாம் வகுப்பு. பிள்ளைகள் விரலுக்கு ஒரு முறுக்கு மாட்டிக்கொண்டு கடித்துக்கொண்டே திரிவார்கள். எனக்கு முறுக்கு இலவசம். அம்மா கட்டித்தந்த சாதத்தை டப்பாவைத் திறக்காமலே வைத்திருந்து, சாயங்காலம் வரும் வழியில் சாக்கடையில் கொட்டிவிடுவேன்.

ஒருநாள் மத்தியானம் டிரில் பீரியடில் மயங்கி விழுந்தேன். அந்த வருஷம்தான் வந்திருந்த தலைமையாசிரியை என் டப்பாவைத் திறந்து பார்த்தார். சாதம் அப்படியே இருந்தது.

“காலையில என்ன சாப்பிட்ட?”

“முறுக்கு.”

“மத்தியானம்?”

“முறுக்கு.”

எல்லோரும் சிரித்தார்கள். வகுப்பில் வாயே திறக்காத நான் அன்று சொன்னது அந்த ஒரே சொல்தான். அது மாமாவின் பிழைப்பில் போய் விழுந்தது.

தலைமையாசிரியை நேரே வாசலுக்குப் போனார். “உங்க முறுக்கைக் குறை சொல்லலைங்க. பிள்ளைங்க சோத்தைத் தொடறதே இல்ல. நாளையிலேர்ந்து இங்க நிக்காதீங்க” என்றார்.

மாமாவுக்குப் போக வேறு இடமில்லை. மற்ற பள்ளி வாசல்களில் எல்லாம் ஏற்கெனவே ஆட்கள் இருந்தார்கள். “வர்ற வாரம் ஒரு அஞ்சு நாள் குடுங்க டீச்சர். இவங்க டப்பா காலியாகலைன்னா நானே போயிடறேன்” என்றார்.

“எதை வித்துக் காலி பண்ணுவீங்க?”

“அது இன்னும் தெரியல டீச்சர்.”

அந்தப் பதிலுக்காகவே டீச்சர் சம்மதித்திருக்க வேண்டும்.

திங்கட்கிழமை டின்னுக்குப் பதில் ஒரு குண்டான் வந்தது. பட்டாணிச் சுண்டல். தேங்காய்த் துருவல், மாங்காய்த் துண்டு எல்லாம் போட்டிருந்தார். ஒருவரும் வாங்கவில்லை. செவ்வாயும் அப்படியே. மிச்சம் எல்லாம் எங்கள் வீட்டு இரவுச் சாப்பாடானது. “ஒர்க்‌ஷாப்புல என் பக்கத்துல ஒருத்தனும் நிக்க மாட்டேங்கறான்” என்று அப்பா அலுத்துக்கொண்டார்.

புதன்கிழமை ஒரு பையன் காசை நீட்டினான். மாமா வாங்கவில்லை.

“டப்பாவைக் காட்டு.”

“எதுக்கு?”

“மிச்சம் வச்சிருந்தா சுண்டல் கிடையாது.”

“காசு இருக்குங்க.”

“காசு எல்லார்கிட்டயும்தான் இருக்கு. காலி டப்பா இருக்கா?”

வியாபாரி ஒருவர் விற்க மாட்டேன் என்று சொல்வதை நாங்கள் அதுவரை பார்த்ததில்லை. அரை நிமிஷத்தில் கூட்டம் கூடிவிட்டது. மாமா இன்னொரு நிபந்தனையும் போட்டார். மத்தியானச் சாப்பாட்டு நேரம் முடிகையில் ஒர்க்‌ஷாப் சங்கு இரண்டு தடவை ஊதும். இரண்டுக்கும் நடுவே பத்து நிமிஷம். முதல் சங்கில் காலி டப்பாவைக் காட்டிவிட்டுக் கிளம்பி, இரண்டாவது சங்கு ஊதுவதற்குள் மைதானத்தை மூன்று சுற்று சுற்றி வந்தால்தான் சுண்டல். சாப்பிட்டதும் ஓடினால் வயிறு வலிக்கும், முதல் சுற்றை நடக்கட்டும் என்று டீச்சர் ஒரு திருத்தம் சொன்னார்.

வியாழக்கிழமை பாதிப் பள்ளிக்கூடம் மைதானத்தில் இருந்தது. சோற்றைக் கொட்டிவிட்டுக் காலி டப்பா காட்டியவர்களும் உண்டு. அவர்கள் மூன்றாவது சுற்றில் மூச்சுவாங்கி உட்கார்ந்துவிட்டார்கள். நான் மட்டும் சுவரோரம் நின்றேன். எல்லோரும் பார்க்க ஓடுவதா?

அன்று ராத்திரி அம்மா, “நாளையோட அஞ்சு நாள் முடியுது. டீச்சர் என்ன சொல்லப்போறாங்களோ” என்றாள். எனக்குச் சோறு இறங்கவில்லை.

வெள்ளிக்கிழமை டப்பாவில் ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டேன். முதல் சங்கு ஊதியதும் தலையைக் குனிந்துகொண்டு கிளம்பிவிட்டேன். எனக்கு முன்னால் எல்லோரும் போய்விட்டார்கள். மூன்றாவது சுற்றில் தண்ணீர்த் தொட்டியைத் தாண்டும்போது இரண்டாவது சங்கு ஊதியது. ஆனாலும் நிற்காமல் ஓடி முடித்து, மாமாவிடம் போய்க் கை நீட்டினேன். தலைமையாசிரியை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

“அவளுக்குக் குடுப்பாரு பாரு. அவரு வீட்டுப் பொண்ணு” என்றான் ஒருவன்.

மாமா சுண்டல் போட எடுத்த இலையைத் திரும்ப இலைக்கட்டுக்குள் வைத்தார். “சங்கு ஊதிடுச்சு பாப்பா. திங்கக்கிழமை வா” என்றார்.

யாரும் சிரிக்கவில்லை. டீச்சர், “திங்கக்கிழமை நீங்களும் வாங்க” என்று மாமாவிடம் சொல்லிவிட்டு உள்ளே போனார். அதற்குப் பிறகு நான் அந்தப் பள்ளியை விட்டுப் போகும்வரை மாமாவை அந்த வாசலிலிருந்து யாரும் போகச் சொல்லவில்லை. அவரைப் பற்றிப் பெருமையாகச் சொல்ல எனக்கு இதைவிட வேறொன்றும் வேண்டாம். ஆனால் அந்த நேரத்தில் எனக்கு அழுகைதான் முட்டியது. முறுக்கு என்று நான் சொன்னதற்குத்தான் பழி வாங்குகிறார் என்று நிச்சயமாக நம்பினேன்.

இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. வெள்ளிக்கிழமை ராத்திரி மாமா சாப்பிடாமல் படுத்துவிட்டார். அதையும் கோபம் என்றுதான் எடுத்துக்கொண்டேன். வீம்புக்கு இரண்டு இட்லி அதிகமாகச் சாப்பிட்டேன். சனி, ஞாயிறு இரண்டு நாளும் குவார்ட்டர்ஸைச் சுற்றி ஓடிப் பார்த்தேன்.

திங்கட்கிழமை மூன்று சுற்றையும் முடித்து அவர் முன்னால் வந்து நின்றபோது சங்கு இன்னும் ஊதவில்லை. சுற்றி நின்றவர்கள் கை தட்டினார்கள். என் வாழ்க்கையில் எனக்காகக் கை தட்டியது அதுதான் முதல் தடவை. நான் நிமிர்ந்து நின்று கை நீட்டினேன். மாமா இலையை மடித்துக் கரண்டியால் சுண்டலை அள்ளினார். மற்றவர்களுக்கெல்லாம் ஒரு பட்டாணி சிந்தாமல் போட்டவர், எனக்குப் போடும்போது பாதியைக் கீழே கொட்டினார். முகத்தை வேறு அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். ஜெயித்து வந்த பிறகும் என் பங்கைக் குறைத்துவிட்டாரே என்றுதான் அன்று எனக்குத் தோன்றியது.